தடைப்பட்டியலில் எழுதப்படாதவை

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'போரும் கவிதையும்' என்ற பொருளில் உரையாற்றுமாறு செயலாளர் கேட்டபோது நான் உடனே இசையவில்லை. அத்தலைப்பில் நாம் பேசி அலுத்துவிட்டோம். குண்டும் குருதியும் நமது கவிதைகளில் வேண்டிய அளவுக்கு, சில வேளைகளில் வேண்டாத அளவுக்கும், இடம்பெற்றுவிட்டன. ஆனால் போருக்கு ஓசையில்லாத முகமொன்றும் உண்டு. அது ஒரு பட்டியலாகத் தட்டச்சில் வருவது. இன்ன பொருள் இன்ன எல்லைக்கு அப்பால் செல்லலாகாது என்று அதில் எழுதியிருக்கும். அப்பட்டியலுக்குள் ஐந்தாண்டு காலம் வளர்ந்தவன் என்ற முறையில் அதைப்பற்றிப் பேசலாமா என்று கேட்டேன், மனமுவந்து இசைந்தார். பொருளாதாரத் தடையும், அதனோடு கூடவே வருகின்ற தொடர்புத் துண்டிப்பும் சாதாரண மனிதரின் அடுக்களைக்குள்ளும் படுக்கையறைக்குள்ளும் என்ன செய்கின்றன என்பதே இன்று நான் சொல்ல விழைவது. இதனை ஆய்வுரையாகக் கொள்ள வேண்டாம். கண்டவன் ஒருவனின் கூற்றாகக் கொள்ளுங்கள்.

1990 ஜூன் மாதத்தில் இலங்கையில் போர் மீண்டும் மூண்டது. அம்மாதத்தோடு யாழ்தேவி புகைவண்டி யாழ்ப்பாணம் வருவது நின்றுபோயிற்று. அது திரும்பி வந்தது 2014 ஒக்டோபரிலேதான். மின்சாரம் அற்றது. தொலைபேசி அற்றது. எனக்கு அப்போது பதின்மூன்று வயது. முதல் சில வாரங்களுக்கு எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது ஒரு விடுமுறை போலவே இருந்தது என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பெற்றோலும் டீசலும் வாரா. சீமெந்து வாராது. இரும்பு, யூரியா, பற்றறி வாரா. மருந்துகள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு, கேட்டதிற் குறைவாகவும் கேட்ட காலத்திற்குப் பிந்தியும் வரும். மண்ணெண்ணெய் அளந்து வரும். பட்டியலில் இல்லாத பொருளுங்கூடப் பாதை இல்லாமையால் வாராதுபோகும்; வந்தாலும் விலை கையைச் சுடும்.

ஜாம் போத்தல் விளக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். போத்தலின் அடியில் சிறிது பஞ்சு. அப்பஞ்சு தோயுமளவே மண்ணெண்ணெய். சைக்கிள் வால்வுக் குழாயினூடாகச் செலுத்திய மெல்லிய திரி. அதன் சுடர் ஒரு நெல்லளவு இருக்கும். அவ்வெளிச்சத்திலேதான் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. வானொலி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையாற் சுற்றுவார். டைனமோவிலிருந்து வானொலிக்குக் கம்பி போகும். இரவு 9.15 மணிக்கு இலண்டனிலிருந்து தமிழோசை வரும்போது சுற்றுகின்றவர் களைத்துவிட்டால் செய்தியும் களைத்துவிடும். எங்கள் ஊரில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை இலண்டன் சொல்ல, நாங்கள் பாதி கேட்டு, மீதியை ஒருவர்க்கொருவர் இட்டு நிரப்பிக்கொண்டோம். சவர்க்காரம் அருமையானபோது பனம்பழக் களியால் உடுப்புத் தோய்த்தோம். அது நம் பாட்டிமார் அறிந்த வழக்கமே. ஒரு நாள் வேலியிற் காயப்போட்டிருந்த என் பாடசாலை வெள்ளைச் சட்டையின் கையைப் பழவாசனைக்கு மயங்கி அயல் வீட்டுப் பசு மென்று தின்றுவிட்டது. மற்றொரு சட்டை தைக்கத் துணி கிடைக்கும்வரை அரைக் கையோடு போனேன்.

இவற்றைச் சொல்லும்போது அவையிற் சிரிப்பு எழுகிறது. எழட்டும், அன்று நாங்களும் சிரித்தோம். ஆனால் இவ்விடத்தில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. ஜாம் போத்தல் விளக்கும் டைனமோவும் இன்று நம் நினைவுக் கட்டுரைகளில் வீரத்தின் சின்னங்களாகிவிட்டன. 'எதுவுமில்லாமலும் வாழ்ந்து காட்டினோம்' என்று மார்தட்டுகிறோம். வாழ்ந்து காட்டியவர்கள்தாமே எழுதுகிறார்கள்? காட்ட முடியாமற் போனவர்கள் எழுதவில்லை. அவ்விளக்கு கவிழ்ந்து உடல் வெந்தவர்கள் இருந்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய மொறிஸ் மைனர் கார் வழியில் நின்றுவிட, பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற பெண் தெருவோரத்திற் காத்திருந்ததை நான் கண்ணாற் கண்டிருக்கிறேன். கெட்டித்தனத்தைப் புகழ்வதில் தவறில்லை. அந்தக் கெட்டித்தனத்துக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் செலவாயிற்று என்பதையும் எழுத வேண்டும். தண்ணீர், விறகு, எண்ணெய், வரிசை, இவற்றிலேயே பெண்களின் பகல் முழுவதும் தீர்ந்துபோயிற்று. தடை எங்களிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்டது பொருளை; அதன் பின்னர், யாரும் கணக்கெழுதாதபடி, காலத்தை எடுத்துக்கொண்டது. காலம் எந்தப் பட்டியலிலும் எழுதப்படவில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தடையை விதித்தது அரசு. ஆனால் தடைக்கு உள்ளே அதிகாரம் செலுத்தியவர்கள் வேறு. குடாநாட்டை விட்டு வெளியேறுவதற்கு விடுதலைப் புலிகளின் அனுமதிச் சீட்டு வேண்டும். உள்ளே வரும் பொருளுக்கு அவர்களுடைய வரியும் உண்டு. பதுக்கி வைத்து விற்ற வர்த்தகர்களும் இருந்தார்கள். அவர்களிற் சிலர் கோயில் திருவிழா உபயகாரர்களாகவும் விளங்கினார்கள். ஒரு பொருள் அருமையாகும்போது அதை வைத்திருப்பவன் பெரியவனாகிவிடுகிறான். ஆட்சியிலிருப்பவர்களை வழிக்குக் கொண்டுவரவென்று போடப்படுகின்ற தடை, பெரும்பாலும் அவர்களது கையை வலுப்படுத்திவிட்டு, வரிசையில் நிற்பவனின் முதுகை ஒடிக்கிறது. நமது கவிதைகளில் சோதனைச் சாவடிச் சிப்பாய் வருமளவுக்கு இந்த வர்த்தகர் வரவில்லை. அனுமதிச் சீட்டு எழுதிய கை வரவில்லை. அன்று அஞ்சினோம். அதை நான் குறை சொல்லேன். இன்று எழுதாமலிருப்பதற்கு அச்சம் காரணமாகாது.

எழுத்தாளர்களுக்கு அணுக்கமான ஒரு பொருளுக்கு வருகிறேன், கடதாசி. செய்தித்தாள் அச்சிடுவதற்குரிய கடதாசி இல்லாத நாள்களில் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் பாடசாலைக் கொப்பிகளுக்கான கோடிட்ட தாள்களிலும் நிறத்தாள்களிலும் வெளிவந்தன. செய்தியின் எழுத்துகளுக்கிடையே நீலக் கோடுகள் ஓடும். எவருடைய கொப்பிக்குப் போகவேண்டிய தாளில் எவருடைய மரணம் அச்சாகியிருக்கிறது என்று அப்போது நினைத்ததில்லை, இப்போது நினைக்கிறேன். நானும் என் நண்பர் சிலரும் கையெழுத்துச் சஞ்சிகையொன்று நடத்தினோம். கடைக் கணக்குப் புத்தகங்களின் வெற்றுப் பின்புறங்களே எங்களுக்குத் தாள். மொத்தம் நான்கு இதழ்கள் வந்தன. கவிதையை முதலில் மனத்திலேயே எழுதி, திருத்தி, இனித் திருத்தமில்லை என்ற நிலையிலேதான் தாளில் இறக்குவோம். சிக்கனம் சொல்லை இறுக்கும் என்பார்கள். எங்கள் கவிதைகளை அது அப்படியொன்றும் இறுக்கவில்லை. மோசமான கவிதைகளை மனப்பாடமாக வைத்திருக்கவே உதவிற்று.

நாங்கள் மட்டுமே இப்படி என்று அந்நாளில் எண்ணியிருந்தோம். பின்னாளில் வாசித்தபோதுதான், அதே 1990 இல் வேறொரு நாட்டின் எழுத்தாளர்களும் கடதாசிக்கும் புத்தகத்துக்கும் ஏங்கத் தொடங்கியிருந்தார்கள் என்பது தெரிந்தது. ஈராக் குவைத்தைக் கைப்பற்றிய நான்காம் நாள், ஓகஸ்ட் 6 ஆம் திகதி, ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை 661 ஆம் இலக்கத் தீர்மானத்தின் மூலம் அந்நாட்டின் மீது முழு வாணிபத் தடையை விதித்தது. அதன் பெரும்பகுதி 2003 மே வரை நீடித்தது. ஆசிரியரொருவரின் மாதச் சம்பளம் சில டொலர்களாகச் சுருங்கியது. பென்சிலில் உள்ள கரி போர்த்தேவைக்கும் பயன்படலாம் என்று பென்சில்கூடத் தடுக்கப்பட்டது. பாக்தாத்தில் அல்-முத்தனப்பி தெரு என்று ஒரு புத்தகத் தெரு உண்டு; பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கியது. பேராசிரியர்களும் கவிஞர்களும் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களை அத்தெருவின் நடைபாதையில் விரித்துவைத்து விற்று அரிசியும் மருந்தும் வாங்கினார்கள். வெளிநாட்டிலிருந்து புதிய நூல்கள் வாராதபோது எப்படியோ வந்துசேர்ந்த ஒரு பிரதியைப் படப்பிரதி எடுத்து, அதிலிருந்து மேலும் எடுத்து, கையோடு கை மாற்றி வாசித்தார்கள். கணக்குப் புத்தகத்தின் பின்புறத்தில் எழுதிய எனக்கு, அந்த மங்கிய படப்பிரதியைக் கையில் வைத்திருந்த முகமறியாத ஈராக்கியர் நெருங்கிய உறவினராகவே தோன்றுகிறார்.

ஈராக்கை முன்னிட்டு, எண்களைப் பற்றி ஒரு சொல். அத்தடையால் ஐந்து இலட்சம் குழந்தைகள் இறந்தன என்ற கணக்கு 1990களில் உலகெங்கும் பேசப்பட்டது. நானும் ஒரு கட்டுரையில் எழுதியிருக்கிறேன். 2003 க்குப் பின்னர் நடந்த கணக்கெடுப்புகள் அத்தகைய பேருயர்வைக் காட்டவில்லை; பழைய கணக்கெடுப்பு அன்றைய ஈராக்கிய அரசினால் திரிக்கப்பட்டது என்று 2017 இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. ஆகவே துன்பமே இல்லை என்று பொருளா? இல்லை. அங்கு மனிதாபிமானப் பணிகளுக்குப் பொறுப்பாயிருந்த டெனிஸ் ஹாலிடே 1998 இலும், அவருக்குப் பின்வந்த ஹான்ஸ் வொன் ஸ்பொனெக் 2000 இலும் இத்தடையைப் பொறுக்கமாட்டாமல் பதவி துறந்தார்கள். அவர்கள் கண்டது பொய்யன்று. மெய்யான துன்பத்தின் மேல் பொய்யான எண் ஏற்றப்பட்டால், எண் விழும்போது துன்பமும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. நான் அக்கட்டுரையை மீண்டும் நூலிற் சேர்க்கவில்லை.

இனி, நமது காலத்துக்கு வருவோம். எதியோப்பியாவின் வடக்கே திக்ராய் என்ற மாநிலம். ஏறத்தாழ 60 இலட்சம் மக்கள். 2020 நவம்பர் 4 ஆம் திகதி அங்கே போர் மூண்டபோது தொலைபேசியும் இணையமும் துண்டிக்கப்பட்டன, வங்கிகள் மூடப்பட்டன. இடையிற் சில மாதங்கள் சில இடங்களில் அவை திரும்பின. 2021 ஜூன் இறுதியில் நடுவண் அரசின் படைகள் பின்வாங்கிய பின், முற்றாக நின்றன. 2022 நவம்பர் 2 ஆம் திகதி பிரிட்டோரியாவில் உடன்படிக்கை கைச்சாத்தாகும் வரையிலும், அதற்குப் பின்னர் சில காலமும் அந்நிலை நீடித்தது.

வங்கி மூடப்படுவது என்றால் என்ன என்பதை நான் வாசித்துத்தான் அறிந்தேன். எங்களுக்குத் தடைக்காலத்திலும் சம்பளம், தாமதித்தேனும், வந்தது. திக்ராயில் ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் மாதக்கணக்காகச் சம்பளம் இல்லை. வங்கியிற் பணம் வைத்திருந்தவர்கள், கணக்கில் இலக்கம் அப்படியே இருக்க, பட்டினி கிடந்தார்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பலாம்; வாங்குவதற்கு வழியில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் அம்மாநிலத்தவர். தம் உறவினர் பசியோடிருப்பது தெரிந்தும் பணம் அனுப்ப முடியவில்லை என்றும், யார் இருக்கிறார் யார் இறந்தார் என்பதே தெரியவில்லை என்றும் 2022 ஓகஸ்டில் அவர் செய்தியாளர் முன்னிலையிற் சொன்னார். உலகத்தின் மருந்துப் பெட்டியைத் திறக்கும் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவருக்கே அந்த நிலை.

அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் கடிதத்தைத் தடுப்பதற்கு ஒவ்வொரு பயணியின் பையையும் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. ஏதாவதொன்று தப்பிப் போய்ச் சேரும். இன்று பணம், மருந்துக் குறிப்பு, தாயின் குரல், கவிதை யாவும் ஒரே கம்பியில் ஓடுகின்றன. அரசின் ஒரே தொலைத்தொடர்பு நிறுவனம் அக்கம்பியை அணைத்தால் யாவும் ஒரே கணத்தில் நிற்கும். 2023 ஒக்டோபர் 27 ஆம் திகதி இரவு காசாவில் தொடர்பெல்லாம் அறுந்தபோது, காயமுற்றோருக்காக அம்புலன்ஸை அழைக்கவும் இயலவில்லை. வெடித்த ஓசை வந்த திசையை நோக்கிச் சாரதிகள் வண்டியை விட்டார்கள். நம் வட்டத்தவர் பலர் தம் கவிதைகளைக் கைப்பேசியில் மட்டுமே வைத்திருக்கிறீர்கள் என்பதை அறிவேன். நான் பழைய காலத்து மனிதன். ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் இடையிலே சொல்லிவைக்கிறேன்.

திக்ராயின் தலைநகரான மெக்கெலேயில் ஐடர் என்ற பெரிய மருத்துவமனை உண்டு. மருந்தும் கையுறையும் தீர்ந்துபோய் நோயாளர் கண்முன்னே இறப்பதைப் பற்றி அதன் மருத்துவர்கள் 2022 தொடக்கத்தில் வெளியுலகுக்கு அறிக்கை அனுப்பினார்கள். தீர்ந்துபோகும் நிலையிலிருந்த மருந்துகளுள் இன்சுலினும் ஒன்று. அச்செய்தியை வாசித்த அன்று நான் வேறெதுவும் செய்யவில்லை. இந்த உரையை அன்றே மனத்துள் தொடங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.

என் அம்மா நீரிழிவு நோயாளி, இன்சுலின் ஏற்றிக்கொள்பவர். மின்சாரம் இல்லாத வீட்டில் குளிர்சாதனப் பெட்டி ஓர் அலுமாரி. அதில் நாங்கள் புத்தகம் அடுக்கியிருந்தோம். ஐயா ஒரு மண்பானையில் ஆற்றுமணலை இட்டு, நீர் தெளித்து, அதனுள்ளே மருந்துக் குப்பியைப் புதைத்து வைப்பார். காலையும் மாலையும் மணலை நனைப்பது என் வேலை. மறந்துவிட்டுப் பந்தடிக்கப் போன நாள்கள் உண்டு. குப்பி கிடைக்காத வாரங்களில் அளவைக் குறைத்து ஏற்றிக்கொள்வார், எங்களுக்குச் சொல்லமாட்டார். 1993 செப்டெம்பர் நடுப்பகுதியில் அவர் இறந்தார். மணல் காய்ந்ததாலா, மருந்து போதாததாலா, நோயினாலா என்பதை அறுதியிட்டுச் சொல்ல எவராலும் முடியாது. தடை மனிதரைக் கொல்லும் முறை இதுவே. கொன்றது தடைதான் என்று நிறுவ இயலாதபடி கொல்லும்.

அண்ணா அப்போது கொழும்பில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு 400 கிலோமீற்றர். ஐயா இரண்டு வழிகளில் செய்தி அனுப்பினார். ஒன்று, செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்திப் படிவம். உறையின்றி, எவரும் வாசிக்கக்கூடியதாக, குடும்ப விடயம் மட்டும் சில வரிகளில் எழுத வேண்டும். மற்றது, கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்து போகவிருந்த ஒருவரின் கையிற் கொடுத்த கடிதம். அவ்வாண்டு ஜனவரியில் அதே நீரேரியில் கடற்படையினரின் தாக்குதலில் பயணிகள் பலர் கொல்லப்பட்டிருந்தார்கள். ஆயினும் வேறு பாதை இல்லாமையால் மக்கள் இரவிரவாகக் கடந்துகொண்டுதான் இருந்தார்கள். செப்டெம்பர் இறுதியில் கிளாலியை நோக்கி இராணுவம் நகர்ந்தபோது அதுவும் நின்றது. கடிதத்தோடு போனவர் திரும்பி வந்து, கடிதத்தையும் திருப்பித் தந்தார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை மூத்த மகன் இல்லாமலே நான் செய்தேன். அண்ணாவுக்குச் செய்தி கிடைத்தபோது நவம்பர் முடியப்போகிறது. இரண்டு மாதத்துக்கு மேல் அவர் தாயுள்ள மகனாகவே கொழும்புத் தெருக்களில் நடந்திருக்கிறார், படம் பார்த்திருக்கிறார், நண்பர் திருமணத்துக்குப் போயிருக்கிறார். அதற்காக அவர் தம்மை இன்றுவரை மன்னிக்கவில்லை. யார் மீதும் கோபிக்க இயலாத ஒரு குற்ற உணர்வை, எக்குற்றமும் செய்யாதவரிடம் தொடர்புத் துண்டிப்பு விட்டுச்செல்கிறது. திக்ராயில் 2022 டிசெம்பரில் தொலைபேசி திரும்பியபோது எத்தனையோ வீடுகளில் முதல் அழைப்பே மரணச் செய்தியாக இருந்திருக்கும். ஈராண்டு பழைய மரணத்துக்கு ஒருவர் எவ்வாறு அழுவார் என்பதை எங்கள் வீட்டைக் கொண்டு சிறிது ஊகிக்க முடிகிறது.

அம்மா இறந்த மாதமே நான் ஒரு கவிதை எழுதினேன். எங்கள் கையெழுத்துச் சஞ்சிகையின் நான்காம் இதழில் அதுவே முதற்பக்கம். ஊரிலே பாராட்டினார்கள். அதில் 'கொடுங்கோல்' இருந்தது, 'எரிமலை' இருந்தது, 'விடியல்' இரண்டிடங்களில் இருந்தது. அம்மா இல்லை, மண்பானை இல்லை, மணல் நனைக்க மறந்து பந்தடிக்கப்போன பையனும் இல்லை. அக்கவிதையைக் கடந்த முப்பது ஆண்டுகளில் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. மீண்டும் எழுத முயன்றதுண்டு. மண்பானை வரை வந்துவிட்டது, பையன் இன்னும் வரவில்லை. கவிஞர்கள் நிறைந்த இந்த அவையில் அதைச் சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் அண்ணா எழுதிய மூன்று கடிதங்கள் தைப்பொங்கலுக்குச் சற்று முன்னர் ஒன்றாக வந்துசேர்ந்தன. மூன்றும் அம்மாவின் பெயருக்கே எழுதப்பட்டவை. முதலாவதில், நான்கு குப்பி மருந்து வாங்கி ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருப்பதாக எழுதியிருந்தார். இரண்டாவதில், அனுமதிக் கடிதம் இல்லாததால் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் அவை எடுக்கப்பட்டுவிட்டதாகவும், கவலைப்பட வேண்டாம் என்றும் இருந்தது. மூன்றாவதில், கிடைத்ததற்கு ஏன் பதில் எழுதவில்லை, கோபமா என்று கேட்டிருந்தார். ஐயா மூன்றையும் விளக்கடியில் வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். பிறகு ஒரு தாளெடுத்து மூன்றாவது கடிதத்துக்குப் பதில் எழுதத் தொடங்கினார்.